பெரிய ஏ, சின்ன ஏ

உங்கள் வீட்டில் ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ படிக்கிற பிள்ளை இருந்தால், அதன் பைக்குள் கையை விட்டு நாலு கோடு நோட்டை எடுத்துப் பாருங்கள். மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு, நடுவில் இரண்டு நீலக் கோடுகள். இங்கிலீஷ்காரன் நம் பிள்ளைகளுக்குக் கட்டிக்கொடுத்த முதல் வீடு அதுதான்.

எங்கள் வகுப்பில் அந்த வீட்டுக்கு மூன்று பகுதி. மேல் சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே மாடி. இரண்டு நீலத்துக்கு நடுவே கூடம். கீழே கிணறு. சின்ன ஏ கூடத்தோடு சரி. சின்ன ஜி, சின்ன ஒய் எல்லாம் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு காலைக் கிணற்றுக்குள் தொங்கவிடும். பெரிய எழுத்துகள் மட்டும் கூடத்தில் நின்றால் தலை மாடியில் இடிக்கும். அவை ஒருநாளும் கிணற்றில் இறங்காது. இந்த வாஸ்து சாஸ்திரத்தை நான் கண்டுபிடிக்கவில்லை. 'இது ஏன் தாத்தா மொட்டை மாடிக்குப் போவுது?' என்று ஒரு பொடியன் கேட்டதிலிருந்து வந்தது.

'வகுப்பு' என்றதும் பெரிதாக ஏதோ நினைத்துக்கொள்ள வேண்டாம். அக்கா வீட்டுத் திண்ணை, ஒரு பாய், ஒரு குண்டு பல்பு. அவ்வளவுதான்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில் போயிருப்பீர்கள். சிப்காட் கம்பெனிகள் வரிசையாக வரும். அந்தப் பக்கத்து ஊர்தான் செம்மங்குப்பம். தபால் இலாகாவில் குப்பை கொட்டிவிட்டு ரிட்டையரான ஆள் நான். மனைவி போன பிறகு, 'தனியா இருந்து என்னா பண்ணப்போற தம்பி, இங்க வந்து கெட' என்று அக்கா கூப்பிட்டாள். வந்தேன். சும்மா கிடக்க முடியவில்லை. 2025 ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் அக்கா பேத்தியும் அவளுடைய கூட்டாளிகளுமாக ஏழெட்டுப் பேர் சாயங்காலத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி' என்று அரசாங்கம் ஆரம்பித்தது ஞாபகம் இருக்கிறதா? தன்னார்வலர்கள் தெருத்தெருவாக உட்கார்ந்து சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். நம்முடையது இல்லம் தேடாத கல்வி. பிள்ளைகளே தேடி வந்துவிடுவார்கள். அக்கா சுண்டல் தருவாள் என்பது உபரிக் காரணம்.

முதல் நாளே புரிந்துவிட்டது. பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் எல்லா எழுத்தும் தெரியும். எதைப் பெரிசாக எழுத வேண்டும், எதைச் சின்னதாக எழுத வேண்டும் என்பதுதான் தெரியாது. ஒரு வார்த்தைக்குள் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் முண்டியடித்துக்கொண்டு, திருவிழாக் கூட்டத்தில் அப்பா தோளில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி அங்கங்கே தலை தூக்கும்.

இதில் அவர்கள் தப்பு என்ன இருக்கிறது? நம் மொழியில் அந்த வியாபாரமே கிடையாது. 'அ' என்றால் அ. ராஜாவுக்கும் அதே அ, அணிலுக்கும் அதே அ. நமக்கு மட்டுமா? இந்திக்குக் கிடையாது, அரபிக்குக் கிடையாது, சீனத்துக்குக் கிடையாது. உலகத்தில் பாதி ஜனம் பெரிய எழுத்து இல்லாமல்தான் கடிதம் எழுதுகிறது, கடன் பத்திரம் எழுதுகிறது, காதலிக்கிறது. இந்தக் கட்டுரையையே பாருங்களேன். பெரிய ஏ-வையும் ஏ என்றுதான் எழுத முடிகிறது, சின்ன ஏ-வையும் ஏ என்றுதான் எழுத முடிகிறது. 'பெரிய', 'சின்ன' என்று முன்னால் ஆள் போட்டுத்தான் சமாளிக்கிறேன்.

ரோமானியர்கள் ஆரம்பத்தில் கல்லில் வெட்டியதெல்லாம் பெரிய எழுத்துதான். இன்று நாம் அச்சில் பார்க்கிற சின்ன எழுத்துகளின் வடிவம், எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில் ஐரோப்பாவின் மடங்களில் உட்கார்ந்து நாளெல்லாம் படியெடுத்தவர்கள் கையில் உருப்பெற்றது. வேகமாக எழுத வேண்டும், தோலில் இடமும் மிச்சமாக வேண்டும். பிற்பாடு அச்சுக்கூடம் வந்தபோது, எழுத்துக் கோப்பவர் பெரிய எழுத்துகளை மேல் பெட்டியிலும் சின்ன எழுத்துகளைக் கைக்கு எட்டும் கீழ் பெட்டியிலும் வைத்துக்கொண்டார். 'அப்பர் கேஸ்', 'லோயர் கேஸ்' என்பது அந்த மரப்பெட்டிகளின் பெயர். மேல்சாதி, கீழ்சாதி சமாசாரம் இல்லை. வேலை வசதிதான்.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் சொன்னேன். சுண்டல் எப்போ வரும் என்று கேட்டார்கள்.

விதிகளை நான் ஒப்பிக்கப்போவதில்லை. வாக்கியம் தொடங்கும்போது, ஆள் பேர், ஊர் பேர், கிழமை, மாசம்... உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால் செல்போன் பார்த்துக்கொள்ளும். இப்போதெல்லாம் முற்றுப்புள்ளி வைத்து இடம் விட்டால் போனே அடுத்த எழுத்தைப் பெரிசாக்கிவிடுகிறது. விதி நமக்கு மறந்துபோக அதுவும் ஒரு காரணம். ஆனால், ஒவ்வொரு விதியையும் ஒரு பிள்ளையின் முன்னால் வைத்தால் அது என்ன பாடு படும் என்பது போனுக்குத் தெரியாது.

'சண்டேக்குப் பெரிய எஸ். ஆனா சன், அதான் சூரியன், அதுக்குச் சின்ன எஸ்.'

'ஏன் தாத்தா? சூரியன்தான பெருசு?'

மாட்டிக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால், தமிழில் சிக்கல் இன்னும் அழகாக இருக்கிறது. ஞாயிறு என்றால் சூரியனும்தான், கிழமையும்தான். திங்கள் என்றால் நிலாவும்தான், கிழமையும்தான், மாதமும்தான். இங்கிலீஷ்காரன் ஒரே வார்த்தையில் இத்தனையும் வைத்திருந்தால் திணறிப்போயிருப்பான்.

ஊர் பேர் இன்னொரு கூத்து. 'கடல்' சின்ன எழுத்து, 'கடலூர்' பெரிய எழுத்து என்றேன். புரிந்தது. 'ஆறு' சின்னது, 'கெடிலம் ஆறு' என்றால் இரண்டுக்கும் பெரிசு. அதுவும் புரிந்தது. ஆனால், சிதம்பரத்துக்கு ஏன் சி-யில் ஆரம்பிக்கிறோம், செம்மங்குப்பத்துக்கு ஏன் எஸ்-ஸில் ஆரம்பிக்கிறோம், தமிழில் இரண்டும் ச வரிசைதானே என்று கேட்டால் நான் என்ன சொல்ல? வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதினான், அதுவே நின்றுவிட்டது என்றேன். 2020 ஜூனில் அரசாங்கமே ஆயிரத்துப் பதினெட்டு ஊர்களின் இங்கிலீஷ் எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்குத் தக்கபடி மாற்றி ஆணை போட்டது. கோயம்புத்தூரை எழுதிய எழுத்தைப் பார்த்துக் கோயம்புத்தூர்க்காரர்களுக்கே விக்கல் வந்தது. சில நாட்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். பெரியவர்களுக்கே இந்தப் பாடு.

உறவு முறைக்கு வந்தோம். 'என் அத்தை' என்று அத்தையைப் பற்றிச் சொன்னால் சின்ன எழுத்து. அத்தை என்பதையே பெயர் மாதிரி வைத்து நேரே கூப்பிட்டால் பெரிய எழுத்து.

'அப்ப, எதிர்ல பெருசு, பின்னாடி சின்னதா?'

உள்ளே சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த அக்கா சத்தமாகச் சொன்னாள்: 'நம்ம வூட்லயும் அப்படித்தான்டி!'

இப்படியே ஓடிக்கொண்டிருந்த வண்டி, ஆள் பேர், பொருள் பேர் வித்தியாசத்தில்தான் நின்றுவிட்டது. எது தனிப்பெயர், எது பொதுப்பெயர்? எத்தனை உதாரணம் சொன்னாலும் ஏறவில்லை. ஒருநாள் தற்செயலாகத்தான் வழி கிடைத்தது. சிலேட்டில் 'செல்வம்' என்று எழுதிவிட்டு, 'வந்தது' என்று முடிக்கச் சொன்னேன். பிறகு 'வந்தான்' என்று முடிக்கச் சொன்னேன். செல்வம் வந்தது. செல்வம் வந்தான். 'முதல்ல வந்தது யாரு, ரெண்டாவது வந்தது யாரு?' ஒரே குரலில் சொன்னார்கள்: 'முதல்ல பணம், ரெண்டாவது ஆளு!'

எனக்கே அப்போதுதான் உறைத்தது. ஆள் பெயர், பொருள் பெயர் குழப்பம் நமக்கும் உண்டு. மலர், அன்பு, கண்மணி என்று பொருள் பெயரை எல்லாம் பிள்ளைகளுக்கு வைப்பவர்கள் நாம். இங்கிலீஷ்காரன் அதை வார்த்தையின் தலையிலேயே குல்லா போட்டுக் காட்டிவிடுகிறான். நாம் கடைசிவரை காத்திருந்து, வினைச்சொல்லின் வாலில் காட்டுகிறோம். வந்தான், வந்தாள், வந்தது. உயர்திணை, அஃறிணை என்று ஆறாம் வகுப்பில் நான் திட்டு வாங்கிக்கொண்டு படித்தது, அறுபது வருஷம் கழித்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க உதவும் என்று யார் கண்டது! 'வந்தான்' போட்டு வந்தால் குல்லா, 'வந்தது' என்றால் குல்லா இல்லை. (ஊருக்கும் ஆற்றுக்கும் இது செல்லாது. கெடிலம் வந்தான் என்று சொல்வதில்லையே. கணக்கு வாத்தியார் மாதிரி விதிவிலக்கு என்று சொல்லித் தப்பித்தேன்.)

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண். நாலாம் வகுப்பு. அப்பா கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. அதிகம் பேச மாட்டாள். அவள் நோட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், ஆனால் வார்த்தைக்கு நடுவில் பி-யும் டி-யும் வந்தால் மட்டும் பெரிசாக எழுதிவிடுவாள். ரிப்பன், கார்டு, டேபிள், எதுவானாலும் சரி. எவ்வளவு சிவப்பு மை கொட்டியும் பிரயோஜனம் இல்லை. கடைசியில், திட்டாமல் கேட்டேன்.

'சின்ன பி-க்கு வயிறு எந்தப் பக்கம், சின்ன டி-க்கு எந்தப் பக்கம்னு டவுட்டு வந்துடும் தாத்தா. பெருசா எழுதினா ரெண்டும் வேற வேற. பயமா இருந்தா பெருசா எழுதிடுவேன்.'

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு இந்தச் சமாசாரம் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. நான் அலட்சியம் என்று நினைத்தது, ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளையின் ஜாக்கிரதை.

பயமாக இருந்தால் பெரிசாக. இதைக் கேட்டதும் எனக்குச் சிதம்பரம் ஞாபகம் வந்துவிட்டது.

எண்பதுகளில் சிதம்பரத்தில் தந்தி வாங்குகிற கவுன்ட்டரில் இருந்தேன். இந்தத் தலைமுறைக்குத் தந்தி என்றால் தினசரிப் பத்திரிகைதான். 2013 ஜூலையோடு இந்தியாவில் தந்தி சேவையை மூடிவிட்டார்கள். அதற்கு முன்னால், வீட்டு வாசலில் தந்திக்காரர் சைக்கிள் நின்றாலே பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிடுவார்கள். உள்ளே வேலை கிடைத்த செய்தி இருக்கும். ஆனாலும் அழுதுவிட்டுத்தான் பிரிப்பார்கள்.

தந்தியில் சின்ன எழுத்தே கிடையாது, தெரியுமோ? கட்டுக் கடகட என்று தட்டுகிற மோர்ஸ் முறையில் ஒரு எழுத்துக்கு ஒரே அடையாளம்தான். பெரிசு, சின்னது என்ற பேதமில்லை. எழுதித் தருவதும், டெலிபிரின்டரில் அடித்து வருவதும் எல்லாம் பெரிய எழுத்து. 'ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி.' இந்த நாலு வார்த்தையை நான் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

ஒருநாள் மத்தியானம் ஒரு பெரியவர் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு விலாசத் துண்டு. மகன் பம்பாயில். அம்மாவுக்கு முடியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது என்றார். எழுதிக்கொடுத்தேன். ஃபாரத்தைக் கையில் வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

'என்னாங்கய்யா, இம்மாம் பெருசு பெருசா எழுதிட்டீங்க?'

'தந்தின்னா அப்படித்தான் பெரியவரே.'

'சின்ன எழுத்துல போடுங்கய்யா. பெருசா பாத்தா புள்ள பயந்துடும். ஒண்டியா கெடக்குது அங்க.'

சின்ன எழுத்தில் போனால் சேதி சின்னதாகிவிடும் என்பது அவர் கணக்கு. தந்தியில் சின்ன எழுத்து கிடையாது என்று விளக்கினேன். அவருக்குப் புரியவில்லை. பின்னால் வரிசை நின்றது. 'சரி, சின்னதாவே போட்டுட்டேன்' என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நாற்பது வருஷம் ஆகிறது. அந்தப் பொய் நல்ல பொய்யா கெட்ட பொய்யா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

நடுவில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியாது. உங்களில் பலருக்குச் செம்மங்குப்பம் என்ற பெயரே அதனால்தான் தெரிந்திருக்கும். 2025 ஜூலை 8, செவ்வாய்க்கிழமை காலை. எங்கள் ஊர் ரயில்வே கேட்டில், பள்ளிக்கூட வேன் மீது விழுப்புரம் – மயிலாடுதுறை பாசஞ்சர் ரயில் மோதியது. மூன்று பிள்ளைகள் இறந்துபோனார்கள். அன்றைக்கு எல்லா டி.வி-யிலும் எங்கள் ஊர் பெயர் பெரிய எழுத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. எழுத வேண்டியவர்கள் எழுதிவிட்டார்கள்.

ஒரு வாரத்துக்கு மேல் திண்ணைக்கு யாரும் வரவில்லை. அக்கா மட்டும் பழக்கதோஷத்தில் ஒருநாள் சுண்டலுக்கு ஊறவைத்துவிட்டு, சாயங்காலம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். இரண்டு பேரை வீட்டிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிட்டு, முடிகிறவரை தெருவிலேயே நின்று கூட்டிப்போனார்கள். நான் கொஞ்ச நாளைக்குப் பாடமே எடுக்கவில்லை. கதை சொன்னேன், விடுகதை போட்டேன். ரயில் சத்தம் கேட்டால் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டு, அது போய்ச் சேர்ந்த பிறகு தொடர்ந்தார்கள்.

ஆகஸ்ட்டில் மறுபடி நோட்டைத் திறந்தோம். 'என் ஊர்' என்று அஞ்சு வாக்கியம் எழுதச் சொன்னேன். எல்லோரும் எழுதினார்கள். அந்தப் பெண்ணும் எழுதினாள். ஊர் பேர், கடலூர், கெடிலம் எல்லாம் சரியான குல்லாவோடு இருந்தன. சின்ன பி-யும் சின்ன டி-யும் கூட வயிற்றைச் சரியான பக்கம் வைத்திருந்தன. இரண்டே இரண்டு தப்பு. 'ஐ' என்பதை, அதாவது 'நான்' என்பதை, எங்கும் சின்ன ஐ-யாக எழுதியிருந்தாள். இன்னொன்று, நாலாவது வாக்கியம். கேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு என்று எழுதியிருந்தாள். 'கேட்' என்ற வார்த்தைக்குப் பெரிய ஜி.

பழக்கத்தில் சிவப்புப் பேனா இரண்டையும் சுழித்துவிட்டது.

'கேட்டுங்கறது பொதுப்பெயர்மா. வீட்டுக்கும் கேட்டு இருக்கு, ஸ்கூலுக்கும் கேட்டு இருக்கு. சின்ன ஜி.'

நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

'தாத்தா, எங்க ஊர்ல கேட்டுன்னு சொன்னா, எந்த கேட்டுன்னு யாராவது கேப்பாங்களா?'

நான் பதில் சொல்லவில்லை.

'மெட்ராஸ்ல இருக்குற எங்க சித்தியே கேட்டுன்னுதான் சொல்லுது. எந்த கேட்டுன்னு கேக்கல.'

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இலக்கணப் புத்தகம் என் பக்கம்தான். ஆனால், தனிப்பெயர் என்றால் என்ன என்று நான் ஒரு மாதமாகக் கத்திக்கொண்டிருந்ததை அந்த வகுப்பிலேயே முழுசாகப் புரிந்துகொண்டவள் அவள்தான். ஒரே ஒன்றைக் குறிப்பது, சொன்னதும் எல்லோருக்கும் எதுவென்று தெரிவது. வேறென்ன இலக்கணம்?

அன்று ராத்திரி தூக்கம் வராமல் யோசித்துக்கொண்டிருந்தேன். இந்தக் குல்லா விதியே நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரே மாதிரி இருந்ததில்லை. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கித் தமிழ் அச்சுக்கு அஸ்திவாரம் போட்ட சீகன்பால்கு ஜெர்மன்காரர். அவர் மொழியில் இன்றைக்கும் மேஜை, நாற்காலி, கரண்டி, எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பெரிய எழுத்துதான். இங்கே தேவனாம்பட்டினத்தில் கெடிலம் கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் செயின்ட் டேவிட் கோட்டை இடிந்து கிடக்கிறதே, அதை 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து வாங்கியது. அந்தக் காலத்து இங்கிலீஷும் அப்படித்தான். முக்கியமென்று மனசுக்குப் பட்ட பெயர்ச்சொல்லுக்கெல்லாம் பெரிய எழுத்துப் போட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோட்டை குமாஸ்தா ஒருவர் கையில் இந்த நோட்டைக் கொடுத்திருந்தால், பெரிய ஜி-யைச் சுழித்திருக்க மாட்டார்.

மறுநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். 'பரீட்சையில எழுதினா சின்ன ஜி-தான். இல்லேன்னா மார்க் போயிடும். இந்த நோட்டுல நீ எழுதினது அப்படியே இருக்கட்டும்' என்றேன். சிவப்புச் சுழியை அழிக்க முடியாது. பக்கத்தில் ஒரு டிக் போட்டேன். வேடிக்கையாகத்தான் இருந்தது.

'சரி, அதை விடு. இந்த ஐ-யை ஏன் சின்னதா எழுதற? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?'

'நீ'க்குச் சின்ன எழுத்து, 'அவன்', 'அவள்' எல்லாத்துக்கும் சின்ன எழுத்து. நானு மட்டும் பெருசுன்னு எழுத ஒரு மாதிரியா இருக்கு தாத்தா.'

இது அவள் குடும்பத்து வளர்ப்பு. நாம் எல்லோருமே அப்படி வளர்ந்தவர்கள்தான். 'நீங்கள்' என்று அடுத்தவரைத் தூக்கி வைப்போம், நம்மை 'அடியேன்' என்று தரையில் உட்காரவைப்போம். ஜெர்மன்காரர்கூட இதில் நம் கட்சிதான். மரியாதை 'நீங்கள்' அவர்களுக்குப் பெரிய எழுத்து, 'நான்' சின்ன எழுத்து. இங்கிலீஷ்காரன்தான் 'நானை' நட்டுக்க நிற்கவைத்தவன். அதற்குக் காரணம் கர்வம் இல்லை என்கிறார்கள். கையெழுத்துப் பிரதிகளில் ஒற்றைக் குச்சியாகச் சின்ன ஐ தனியாக நின்றபோது கண்ணுக்குத் தப்பிவிட்டது. பக்கத்து வார்த்தையோடு ஒட்டிக்கொண்டது. காணாமல் போகக் கூடாதென்று கொஞ்சம் நீட்டினார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

அவளிடம் அதைத்தான் சொன்னேன். 'பெருமைக்கு இல்லம்மா. தனியா நிக்குதுல்ல, தொலைஞ்சு போயிடக் கூடாதுன்னு.'

கொஞ்ச நேரம் யோசித்தாள். ரப்பரை எடுத்து முதல் சின்ன ஐ-யை அழித்தாள். அழுத்தி அழித்ததில் பேப்பர் லேசாகக் கிழிந்தது. அதன் மேலேயே, தலை மேல் சிவப்புக் கோட்டில் இடிக்கிற மாதிரி ஒரு பெரிய ஐ போட்டாள். பிறகு அடுத்தது. மொத்தம் நாலு.

செப்டம்பரில் காலாண்டுப் பரீட்சை முடிந்து, பேப்பரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அதிலும் ஊரைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். ஐ எல்லாம் பெரிசாக நின்றன. கேட்டுக்கும் பெரிய ஜி. அரை மார்க் குறைத்திருந்தார்கள்.

'அதான் அன்னைக்கே சொன்னேனே, மறந்துட்டியா?' என்றேன்.

'மறக்கல தாத்தா' என்றாள். 'அரை மார்க்தான?'